தாத்தாவின் வெப்ளி: 'மார்க் 4' முத்திரையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிக்கொள்கிறேன். கோலார் தங்கவயலில் வேலை பார்த்த உங்கள் தாத்தா 1950களில் வாங்கிய வெப்ளி ரிவால்வர் இப்போது பெங்களூரு அல்சூர் வீட்டு பீரோவில் இருக்கிறது. அவர் தவறி எட்டு மாதம் ஆகிறது. லைசென்ஸ் அதற்கு முன்பே காலாவதியாகிவிட்டது. துப்பாக்கியில் 'மார்க் 4' என்று ரோமன் எண்ணில் பொறித்திருக்கிறது, வெள்ளி போல மின்னுகிறது, கூடவே ஒரு தோல் உறையும் டப்பாவில் சில தோட்டாக்களும் இருக்கின்றன. பழைய பொருள்தானே, லைசென்ஸ் இல்லாமல் நினைவாக வைத்துக்கொள்ளலாமா, என்ன விலை போகும், இதிலிருந்து பழைய ரிவால்வர் சேகரிப்பைத் தொடங்கலாமா என்று மூன்று கேள்வி. மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: அது எந்தக் காலிபர், அதாவது எந்த அளவுத் தோட்டாவுக்கானது? அது தெரியாமல் சட்டமும் சொல்ல முடியாது, விலையும் சொல்ல முடியாது.

உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் இல்லாமல் அதை வீட்டில் வைத்திருக்க முடியாது. 'நூறு வருஷம் ஆனால் லைசென்ஸ் வேண்டாம்' என்று பலர் சொல்வார்கள். அமெரிக்காவில் 1899க்கு முன் செய்யப்பட்ட துப்பாக்கிகளுக்குத் தனி விலக்கு உண்டு, அதைக் கேட்டுவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நம் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆவது பிரிவில் பழைய மாதிரி ஆயுதங்களுக்கும் தொன்மை மதிப்புள்ளவற்றுக்கும் பழுதானவற்றுக்கும் விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அந்த வாக்கியத்தின் பின்பாதியைப் படிக்க வேண்டும்: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாததாக இருந்தால்தான் விலக்கு. ஹேமரை, அதாவது தோட்டாவை அடிக்கும் சுத்தியலைக் கழற்றி வைப்பது, ஸ்பிரிங்கை எடுத்துவிடுவது, பேரலில், அதாவது குழலில் ஈயம் ஊற்றுவது எல்லாம் 'பழுது பார்த்தால் சரியாகிவிடும்' வகை. தயவுசெய்து எதையும் கழற்றாதீர்கள், அடைக்காதீர்கள். விலக்கும் கிடைக்காது, நல்ல துப்பாக்கியும் கெட்டுப்போகும்.

இப்போது அந்த முத்திரை. வெப்ளி என்ற பிரிட்டிஷ் கம்பெனியில் 'மார்க் 4' என்ற பெயரில் வேறு வேறு துப்பாக்கிகள் வந்திருக்கின்றன. முதலாவது, பிரிட்டிஷ் ராணுவம் 1899இல் ஏற்றுக்கொண்ட .455 மார்க் 4. தென்னாப்பிரிக்கப் போயர் போரோடு சேர்த்துப் பேசப்படுவது இதுதான். கையில் எடுத்தாலே கனம் தெரியும், ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். கைப்பிடியின் அடிப்பகுதி பறவையின் அலகு மாதிரி வளைந்து முடியும். பேரல் பெரும்பாலும் 4 அங்குலம். இரண்டாவது, 1920களின் இறுதியில் வந்த .38 மார்க் 4. இது 1915இல் வந்த புகழ்பெற்ற மார்க் 6இன் சின்னத் தம்பி மாதிரி இருக்கும். கைப்பிடி அடியில் சதுரமாக வெட்டியிருக்கும், ராணுவத்துக்குப் போனவற்றில் பேரல் 5 அங்குலம், எடை முக்கால் கிலோவைக் கொஞ்சம் தாண்டும். மூன்றாவது, அதே .38 உடம்பில் .32 தோட்டாவுக்காகச் செய்தது. இரண்டாவதையும் மூன்றாவதையும் இரண்டடி தூரத்தில் வைத்தால் பழகிய கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. நீங்கள் போட்டிருக்கும் படத்தில் அந்த முத்திரையும் அதைச் சுற்றி விரற்கடை அளவு இரும்பும்தான் தெரிகிறது. அதை வைத்து மூன்றில் எது என்று யார் சொன்னாலும் அது ஊகம்தான்.

.38 வகையில் அந்த முத்திரையை ஒட்டியே '.38 145/200' என்று இருப்பது வழக்கம். 145, 200 என்பவை குண்டின் எடை, கிரெயின் என்ற சிறிய எடை அளவில். அந்த இரண்டு எடைக்கும் சோதித்தது என்று பொருள். உங்களுடையது மின்னுகிறது என்கிறீர்கள். மேலே நிக்கல் பூச்சு ஏற்றியிருந்தால் பூசுவதற்கு முன் பாலிஷ் போட்டதில் இந்தச் சின்ன எழுத்துகள் தேய்ந்திருக்கலாம். ஆகவே துப்பாக்கியை விட்டுவிட்டு லைசென்ஸ் புத்தகத்தை எடுங்கள். துப்பாக்கி விவரம் எழுதிய பக்கத்தில் வகை, போர் (bore, அதாவது குழலின் உள் அளவு), கம்பெனி, நம்பர் என்று வரிசையாக இருக்கும். 'போர்' என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். தோட்டாவின் பின்புறத் தகட்டில் பொறித்திருக்கும் எழுத்தும் துணைக்கு வரும். ஆனால் டப்பாவில் இருக்கும் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு உரியதுதான் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளக் கூடாது. அளந்து பார்க்கும் ஆர்மரர் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) காலி சிலிண்டரின், அதாவது தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளையின், பின்பக்க ஓட்டையைத்தான் அளப்பார்: .455 என்றால் 12 மில்லிமீட்டர் அளவில், .38 என்றால் 10க்குச் சற்றுக் குறைய, .32 என்றால் எட்டரையை ஒட்டி.

இந்த எண்ணில் ஏன் இவ்வளவு இருக்கிறது? 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில் .380 அல்லது .455 விளிம்புத் தோட்டாவைப் போட்டுச் சுடக்கூடிய எந்தக் கைத்துப்பாக்கியும் கட்டுப்படுத்தப்பட்ட வகையில் வருகிறது. 9 மில்லிமீட்டர் சர்வீஸ் தோட்டா போடுபவையும் அதோடு சேர்த்தி. நடைமுறையில் 'பிபி', அதாவது தடை செய்யப்பட்ட போர் என்று இவற்றைச் சொல்வார்கள். காரணம் துப்பாக்கியின் பலம் இல்லை. படையும் போலீஸும் பயன்படுத்திய தோட்டா வெளியே கசிந்தால் அதைப் போட்டுச் சுட வெளியில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்பதுதான் அந்தக் காலத்து யோசனை. வெப்ளியின் .38 அந்த .380 தோட்டாவைத்தான் சுடும். .32 அந்தப் பட்டியலில் இல்லை, அது 'என்பிபி', அதாவது தடை செய்யப்படாத போர். கான்பூரில் நம் அரசுத் தொழிற்சாலை பொதுமக்களுக்கென்று செய்த ரிவால்வர், வெப்ளி மார்க் 4இன் அமைப்பையே வைத்துக்கொண்டு .32 ஆக வந்ததற்கும் இதுதான் பின்னணி. ஆக உங்களுடையது .32 என்றால் வாரிசு லைசென்ஸ் விஷயம் பெங்களூரு போலீஸ் கமிஷனர் அலுவலகத்தோடு, அதாவது இன்ஃபன்ட்ரி ரோட்டோடு முடியும். .38 அல்லது .455 என்றால் லைசென்ஸ் தரும் அதிகாரம் டெல்லியில் மத்திய உள்துறை அமைச்சகத்திடம் இருக்கிறது. உள்ளூரில் விண்ணப்பம் கொடுத்தாலும் கோப்பு அங்கே போய்த்தான் திரும்ப வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, இந்த வாரமே. வைத்திருப்பது எந்தக் காரணத்தாலாவது சட்டப்படி இல்லாமல் போனால் 'தேவையற்ற தாமதமின்றி' அருகில் உள்ள போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று 21ஆவது பிரிவு சொல்கிறது. எட்டு மாதம் என்பது தாமதம்தான், அதை மூடி மறைக்க வேண்டாம். துக்கத்தில் இருந்த குடும்பம் தானாக முன்வந்து ஒப்படைக்கும்போது நடப்பது வேறு, வேறொரு காரணத்துக்காக வீட்டுக்கு வந்த போலீஸ் பீரோவில் கண்டுபிடிக்கும்போது நடப்பது வேறு. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து. லைசென்ஸ் தாத்தா உயிரோடு இருக்கும்போதே காலாவதியாகிவிட்டதால், போவதற்கு முன் ஒரு வக்கீலிடம் அரைமணி நேரம் பேசிவிடுவது நல்லது.

துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். முதலில் கடிதம். யாருடைய துப்பாக்கி, லைசென்ஸ் எண், இறந்த தேதி, துப்பாக்கி நம்பர், தோட்டா எத்தனை, ஒப்படைக்க விரும்புகிறோம், எப்போது எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இறப்புச் சான்றிதழும் லைசென்ஸின் நகலும் கூட வேண்டும். லைசென்ஸ் கோலார் மாவட்டத்தில் கொடுத்ததாக இருந்தால், பெங்களூருக்குக் குடிவந்த பிறகு தாத்தா அதை இங்கே பதிவு மாற்றினாரா என்று பின்பக்கங்களில் உள்ள சீல்களைப் பாருங்கள். மாற்றவில்லை என்றால் இரண்டு இடத்துக்கும் கடிதம் போக வேண்டியிருக்கும்.

டீலரிடம் ஒப்படைக்க அனுமதி கிடைத்தால் அதையே நான் சொல்வேன். மாதாமாதம் கொஞ்சம் கட்டணம் ஆகும். ஆனால் ஸ்டேஷனில் பொருட்கள் வைக்கும் அறையில் துப்பாக்கி துணியில் சுற்றிச் சீல் வைத்துக் கிடக்கும். எண்ணெய் போட்டுத் துடைக்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது, சீலைப் பிரிக்கவும் முடியாது. இரண்டு மழைக்காலம் போனால் நிக்கலுக்கு அடியில் துரு புகுந்து பூச்சு செதில் செதிலாக எழும்பிவிடும். எங்கே வைத்தாலும் ரசீதில் கம்பெனி, போர், நம்பர், பேரல் நீளம், பூச்சு, கைப்பிடித் தகடு, தோட்டா எண்ணிக்கை எல்லாம் எழுத வைத்து, ஒப்படைக்கும் நாளிலேயே நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'பழைய ரிவால்வர் ஒன்று' என்று மட்டும் எழுதிய ரசீது பின்னால் எதற்கும் உதவாது.

துப்பாக்கிப் பழக்கம் இல்லை என்றால் ஒப்படைக்கும்வரை அதைத் தொட வேண்டாம், பீரோவைப் பூட்டிச் சாவியை ஒருவரே வைத்திருங்கள். அது காலியாக இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவரோ டீலரின் ஆர்மரரோ செய்வது இப்படித்தான் இருக்கும். முனையை ஆள் இல்லாத பக்கம் வைத்து, விரலை டிரிக்கர் வளையத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு, ஹேமருக்கு இடப்பக்கம் உள்ள நெம்புகோலைக் கட்டைவிரலால் அழுத்துவார். பேரலும் சிலிண்டரும் சேர்ந்து முன்னால் மடங்கும். மடங்க மடங்க நடுவில் ஒரு நட்சத்திரத் தகடு எழும்பி ஆறு தோட்டாக்களையும் விளிம்பைப் பிடித்துத் தூக்கும், முழுக்க மடங்கியதும் அவை வெளியே விழுந்து தகடு 'டக்'கென்று உள்ளே போகும். வெப்ளியின் அழகே அந்த ஒரு அசைவுதான். பல வருடம் உள்ளே கிடந்த தோட்டா பச்சைப் பாசி பிடித்து ஒட்டியிருந்தால் அதை நெம்பி எடுக்கக் கூடாது, ஆர்மரரிடம் விட்டுவிட வேண்டும். மூடும்போது கையை உதறி மூடுவது சினிமாவுக்குச் சரி. நிஜத்தில் கீலும் மேல் கொக்கியும் தளர்ந்துபோக அதுவே முதல் காரணம். ஒரு கை பேரலில், ஒரு கை கைப்பிடியில் வைத்து மெதுவாக மூட வேண்டும். காலித் துப்பாக்கியில் டிரிக்கரை அழுத்தி விளையாடுவதும் வேண்டாம். உள்ளே இருப்பது 'வி' வடிவ ஸ்பிரிங், வயதான எஃகு. உடைந்தால் அதே அளவில் கையால் அடித்துத்தான் செய்ய வேண்டும்.

டப்பாவில் இருக்கும் தோட்டாக்களும் துப்பாக்கியோடு சேர்ந்து ஒப்படைக்கப்பட வேண்டியவைதான். யாரும் அவற்றைச் சுட்டுப் பார்க்கக் கூடாது. பழைய மருந்து பாதி எரிந்து குண்டு பேரலின் நடுவில் நின்றுவிட்டால், அடுத்த முறை சுடும்போது பேரல் வீங்கும் அல்லது வெடிக்கும். அந்தக் காலத்து பிரைமரில், அதாவது தோட்டாவின் அடியில் உள்ள பற்றவைக்கும் மருந்தில் இருந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்து உப்பாகப் பேரலுக்குள் தங்கி ஈரத்தை இழுக்கும், அதனால்தான் பழைய ரிவால்வர்களின் பேரல் உள்ளே அம்மை வடுப் போல் பொத்தல் பொத்தலாக இருக்கும். அது எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி உலர்த்தி எண்ணெய் போட்டவர்களின் துப்பாக்கிகள்தான் இன்றும் உள்ளே கண்ணாடியாக இருக்கின்றன.

லைசென்ஸ் வந்து துப்பாக்கி வீடு திரும்பினால் பராமரிப்பு சுலபம்தான், ஆனால் விடாமல் செய்ய வேண்டும். தோல் உறைக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். தோலைப் பதப்படுத்திய அமிலமும் உப்பும் ஈரத்தோடு சேர்ந்து இரும்பைத் தின்னும். உறையில் கிடந்த ரிவால்வரில் உறையின் தையல் ஓடிய கோட்டிலேயே துருக்கோடு இருப்பதைப் பார்க்கலாம். ஸ்பாஞ்ச் வைத்த பெட்டியும் வேண்டாம், அதுவும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய துப்பாக்கி எண்ணெய், கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய், துணியில் நான்கு சொட்டு விட்டுத் துடைத்தால் போதும். டப்பியில் வரும் ஈரம் விரட்டும் ஸ்பிரேக்களை நீண்ட நாள் பாதுகாப்புக்கு நம்ப வேண்டாம், அவை காய்ந்து பிசினாகிப் பொறிகளை இறுக்கிவிடும். பூட்டும் பெட்டிக்குள் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் 100 கிராம் வையுங்கள். நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்ப வையுங்கள். பெங்களூரில் ஜூனிலிருந்து நவம்பர்வரை மாதம் ஒரு முறை எடுத்துத் துடைக்க வேண்டும். விரல் ரேகை பட்ட இடம் ஒரு வாரத்தில் ரேகை வடிவத்திலேயே துருவாகும், அதனால் பருத்திக் கையுறை. பேரலைத் தேய்க்கப் பித்தளைத் தண்டு வேண்டும். வெப்ளி மடங்கித் திறப்பதால் பின்பக்கமிருந்தே தண்டை விடலாம், முன்முனை தேயாது. ஸ்குருவைத் திருப்ப வீட்டு ஸ்குரூடிரைவர் வேண்டாம். அதன் முனை ஆப்பு மாதிரி சரிந்திருக்கும், பள்ளத்தில் மேலேறி வாயைக் கிழித்துவிடும்.

விலையைப் பற்றி. நான் ஒரு எண் சொல்லி நீங்கள் அதை மனத்தில் வைத்துக்கொண்டு அலையக் கூடாது என்பதால் எண் சொல்லவில்லை, விலை எப்படி அமைகிறது என்று சொல்கிறேன். 1980களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியைப் பொதுமக்களுக்கு நிறுத்திவிட்டார்கள். அதனால் உள்ளே இருக்கும் பழைய சரக்குதான் கை மாறிக்கொண்டிருக்கிறது. லைசென்ஸ் வைத்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் என்பிபி லைசென்ஸ்காரர்கள். ஆகவே இங்கே .32 வெப்ளிக்குப் போட்டி இருக்கும், லட்சக்கணக்கில் பேசுவார்கள். அதைவிட வரலாற்று மதிப்பு அதிகமுள்ள .455க்கு வாங்கத் தகுதியுள்ள ஆளே கிடைப்பது அபூர்வம். லண்டன் ஏலத்தில் அதற்கு நேர்மாறாக இருக்கலாம், அந்த விலைப்பட்டியல் நமக்குப் பயன்படாது. அங்கே இருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்பலாமே என்று நினைத்தால், ஆயுத ஏற்றுமதி விதிகள் ஒருபுறம் இருக்க, நூறு ஆண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. உள்ளூரில் தகுதியுள்ள தனியாருக்கு விற்பதாக இருந்தாலும் எழுத்தில் தகவல் கொடுத்து 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற்ற முடியும்.

சேகரிப்பவர் கண்ணில் மதிப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் சில விஷயங்கள்தான். நம் ஊரில் பழைய துப்பாக்கிக்கு நடந்த பெரிய கெடுதல் நிக்கல் முலாம். வீட்டில் விசேஷம் வந்தால் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது போல் துப்பாக்கியையும் கொடுத்துப் பளபளப்பாக்கி வாங்கியிருக்கிறார்கள். வெப்ளி தொழிற்சாலையே நிக்கல் பூசி அனுப்பியவையும் உண்டு, ஆகவே உங்களுடையதை இப்போதே குறை சொல்லமாட்டேன். எப்படித் தெரியும் என்றால், லென்ஸ் வைத்து ஸ்குரு ஓட்டைகளின் விளிம்பைப் பாருங்கள். தொழிற்சாலை வேலையில் விளிம்பு கூர்மையாக வட்டமாக இருக்கும். பின்னால் பாலிஷ் போட்டதில் ஓட்டையைச் சுற்றிக் குழி விழுந்து தட்டு மாதிரி தெரியும். எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும், தட்டையான பக்கங்கள் சோப்புக் கட்டி மாதிரி உருண்டிருக்கும். ஃபிரேமிலும் சிலிண்டரிலும் உள்ள நம்பர் ஒன்றாக இருக்க வேண்டும். கைப்பிடித் தகடு வல்கனைட் என்ற கெட்டி ரப்பராக இருந்தால் கறுப்பு நிறம் வெளிச்சத்தில் காலப்போக்கில் பழுப்பாகும், அது குறை இல்லை. ராணுவத்திலிருந்து முறையாக விற்று வெளியே வந்ததற்கு அடையாளம், முனையும் முனையும் சந்திக்கும் இரண்டு அம்புக்குறிகள். கல்கத்தாவின் மேன்டன், ரோடா போன்ற பழைய கடைகளின் பெயர் பேரலின் மேல் இருந்தால் அது ஒரு தனி மகிழ்ச்சி. 1914 ஆகஸ்டில் புரட்சியாளர்கள் ஐம்பது மௌசர் பிஸ்டல்களைக் கடத்தியது அந்த ரோடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்துதான்.

போலிகளும் உண்டு. பெல்ஜியத்தின் லியேஜில் வெப்ளி மாதிரியில் மலிவாகச் செய்து உலகம் முழுக்க விற்றார்கள். முட்டை வடிவக் கட்டத்துக்குள் 'ஈஎல்ஜி' என்ற மூன்று ரோமன் எழுத்தும் நட்சத்திரமும் இருந்தால் அது லியேஜ் சோதனைச் சாலையின் முத்திரை. பாகிஸ்தான் எல்லைப்புறத்தில் தர்ரா ஆதம் கேலில் கையால் செய்த நகல்களில் எழுத்துப் பிழை காட்டிக்கொடுத்துவிடும்; எழுத்து தலைகீழாகவோ கண்ணாடியில் பார்ப்பது போலவோ விழுந்திருக்கும், வரி கோணலாக ஓடும். இரண்டுமே பார்க்க வைத்துக்கொள்ள வேண்டியவை, சுட அல்ல. இயந்திர நிலை பார்ப்பதற்கு ஆர்மரர் ஹேமரை மெதுவாக முழுக்க இழுத்து, ஒவ்வொரு அறையும் பேரலுக்கு நேரே வந்து பூட்டுகிறதா என்று ஆறு முறையும் பார்ப்பார். சிலிண்டருக்கும் பேரலுக்கும் இடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளால் அளப்பார். 0.1 முதல் 0.25 மில்லிமீட்டர் இருந்தால் நல்ல நிலை. பேரலைப் பிடித்து அசைக்கும்போது மேல் கொக்கியில் ஆட்டம் தெரிந்தால் சுடுவதற்கு லாயக்கில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு மின்னினாலும்.

வாரிசு லைசென்ஸுக்கு 2016 விதிகளில் 25ஆவது விதி இடம் தருகிறது. விண்ணப்பம் 'ஏ-1' படிவத்தில், ஆன்லைன் வழியாக. மற்ற வாரிசுகள் எல்லாரும் ஆட்சேபனை இல்லை என்று கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம், மருத்துவச் சான்றிதழ், துப்பாக்கி கையாளும் பயிற்சிச் சான்றிதழ், வீட்டில் பூட்டிப் பாதுகாப்பாக வைப்பேன் என்ற உறுதிமொழி எல்லாம் தயாராக வேண்டும். நடைமுறையில் அதிகம் இழுப்பது முதலாவதுதான். வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பாவின் கையெழுத்து வராமல் பல கோப்புகள் நிற்கும், அதை இப்போதே கேட்டு வையுங்கள். கிடைத்த லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்கு. பெங்களூரில் இருப்பதால் 'குடகுக்காரர்களுக்கு லைசென்ஸே வேண்டாமே' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த விலக்கு குடவ இனத்தாருக்கும் அங்கே ஜம்மா என்ற பரம்பரை உரிமை நிலம் உள்ளவர்களுக்கும் மட்டும், அதுவும் 2029வரை நீட்டித்த அறிவிப்பின்படி. உங்களுக்கும் எனக்கும் பொருந்தாது.

சேகரிப்பு என்ற கடைசிக் கேள்விக்கு வருகிறேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடியது இரண்டு துப்பாக்கி. வாரிசாக வருவதும் அந்த இரண்டுக்குள் அடக்கம். ஆகவே வெளிநாட்டுப் புத்தகங்களில் வரும் கண்ணாடி அலமாரி வரிசை நமக்கு இல்லை. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்பது என் கருத்து. ஒரே ஒரு துப்பாக்கியை, அதன் காகிதங்களோடு முழுமையாக வைத்திருப்பது பத்தை அரைகுறையாக வைத்திருப்பதைவிடப் பெரிய சேகரிப்பு. இயந்திரங்களின் வரலாற்றைப் பார்க்க அருங்காட்சியகங்கள் இருக்கின்றன, டெல்லி தேசிய அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடமும் ஹைதராபாத் சாலார் ஜங்கும் ஒரு நாளுக்கு மேல் தாங்கும். 1932இல் ராணுவம் .38 ரிவால்வரை வெப்ளியிடம் வாங்காமல், கிட்டத்தட்ட அதே வடிவமைப்பைத் தன் என்ஃபீல்டு தொழிற்சாலையில் செய்துகொண்டது. வெப்ளி போராடி 1,250 பவுண்டு இழப்பீடு வாங்கியது. இரண்டாம் உலகப் போர் வந்து துப்பாக்கி பற்றாமல் போனதும் ராணுவம் அதே வெப்ளி மார்க் 4களையும் வாங்கியது. அவசரத்தில் மெருகு போடாமல் அனுப்பியவற்றில் 'போர்க்கால மெருகு' என்று பொருள்படும் முத்திரையே குத்தினார்கள், பார்வைக்குக் கரடுமுரடாக இருப்பதற்கு யாரும் கம்பெனியைக் குறை சொல்லக் கூடாது என்று. இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஒரு துப்பாக்கியைப் பார்க்கும்போது கிடைக்கும் நிறைவு எண்ணிக்கையில் கிடைக்காது.

லைசென்ஸ் இல்லாமலே இன்றைக்கே சேர்க்கக் கூடியவையும் இருக்கின்றன: உறை, கைப்பிடி வளையத்தில் மாட்டும் கயிறு, சுத்தம் செய்யும் தண்டு, எண்ணெய்க் குப்பி, கடை பில், பழைய விலைப்பட்டியல். தாத்தாவின் உறையைத் துப்பாக்கியோடு ஸ்டேஷனில் கொடுத்துவிடாதீர்கள், அது ஆயுதமில்லை. உள்மடிப்பில் செய்த கம்பெனியின் பெயரும் ஆண்டும் மங்கலாக அழுத்தியிருக்கும், டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். அதைவிட முக்கியம் அந்த லைசென்ஸ் புத்தகம். புது லைசென்ஸுக்கோ ஒப்படைப்புக்கோ போகும்போது அசலை அலுவலகத்தில் வாங்கிக்கொண்டால் திரும்ப வராது. அட்டை முதல் அட்டைவரை, காலிப் பக்கங்களையும் விடாமல் படம் எடுத்துவிடுங்கள். எந்த வருடம் எந்தக் கடையில் எத்தனை தோட்டா வாங்கினார், எந்தத் தேர்தலின்போது ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கினார், எந்த அதிகாரி புதுப்பித்தார் என்று ஒவ்வொரு வரியும் அதில் கையெழுத்தோடு இருக்கும். போர் எழுதியிருக்கும் பக்கத்தின் படத்தை, உங்கள் பெயர், முகவரி, லைசென்ஸ் எண், துப்பாக்கி நம்பர் எல்லாவற்றையும் மறைத்து இங்கே போட்டால், மூன்று மார்க் 4களில் அது எது என்று அதற்குப் பிறகு உறுதியாகப் பேசலாம்.